நிழலைப் புதைத்த கரடி

கரும்பலகையில் "ஒளி" என்று எழுதிவிட்டு, "இதுன்னா என்ன?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி சட்டென்று சொன்னாள்: "ஒளிஞ்சுக்கிறது டீச்சர்." பக்கத்தில் இருந்தவன், "கதவுக்குப் பின்னாடி" என்று சேர்த்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது சரியான விடை. வீட்டிலும் தெருவிலும் வயலிலும் எவரும் 'ஒளி' என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. வெளிச்சம் என்பார்கள், வெயில் என்பார்கள், லைட்டு என்பார்கள். ஒளி என்றால் கண்ணாமூச்சி.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் என் பொறுப்பில். ஒளி என்பது ஒருவகை ஆற்றல், அது நேர்கோட்டில் செல்லும் என்று பாடக்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். அன்று அதைத் திறக்கவில்லை. "சரி, உங்க நிழலை வரைங்க" என்று தாள் கொடுத்தேன். வரைந்து தந்த நிழல்களில் பாதிக்கு மேல் கண்ணும் வாயும் இருந்தன. ஒரு பையன் சட்டைப் பொத்தான்களைக்கூட எண்ணிப் போட்டிருந்தான்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பொத்தான்கள் மனதை விட்டுப் போகவில்லை. பிறகுதான் விளங்கியது. ஊருணித் தண்ணீரில் முகம் தெரிந்தால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "நிழல் தெரியுது" என்றுதான் சொல்வார்கள். மரத்தடிக் குளிர்ச்சியும் நிழல், சுவரில் விழும் கருமையும் நிழல், தண்ணீரில் தெரியும் முகமும் நிழல். தமிழ் அந்த மூன்றுக்கும் ஒரே சொல்லைத்தான் வெகுகாலமாக வைத்திருக்கிறது. நான் கற்பிக்க வேண்டியது ஒரு புதுச் சொல் அல்ல. ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும் சொல்லுக்குள் கலந்துகிடப்பவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். வரையறை சொல்லி அதைச் செய்ய முடியாது. கதை சொல்லிச் செய்யலாம் என்று கண்டுகொள்ள எனக்கு மேலும் நான்கைந்து ஆண்டுகள் ஆயின.

திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஆஷ் 1985-இல் எழுதி வரைந்த 'பேர் ஷேடோ'. மெல்லிய படப்புத்தகம். ஒரு கரடி குளத்தில் மீன் பிடிக்கப் போகிறது. அதன் நிழல் தண்ணீரில் விழுந்ததும் பெரிய மீன் மிரண்டு ஓடிவிடுகிறது. கரடி நிழலைத் தொலைக்கப் பார்க்கிறது. ஓடுகிறது, மரத்துக்குப் பின்னால் மறைகிறது, குழி தோண்டி நிழலைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடுகிறது. மூடி முடிக்கும்போது உச்சிப்பொழுது, நிழலைக் காணோம். நிம்மதியாகத் தூங்கி எழுந்து பார்த்தால் நிழல் மறுபடி நிற்கிறது. கடைசியில் நிழலோடு சமாதானம் பேசிக்கொண்டு குளத்துக்குத் திரும்புகிறது. அதற்குள் சூரியன் இடம் மாறியிருப்பதால் நிழல் தண்ணீரில் விழாமல் பின்பக்கம் விழுகிறது. மீன் கிடைத்துவிடுகிறது. நிழல் ஏன் இடம் மாறியது என்று புத்தகம் எங்கும் சொல்வதில்லை. அதனாலேயே அது எனக்குப் பிடித்தது.

ஒவ்வொரு பக்கத்திலும் ஆங்கில வரிகளின் மேல் வெள்ளைத்தாள் துண்டை ஒட்டித் தமிழில் எழுதினேன். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதினேன். முதல் தடவை வாசித்தபோது பெரிய தவறு செய்தேன். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, "நிழல் எந்தப் பக்கம் விழுது? சூரியன் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். ஐந்தாம் பக்கத்திலேயே கண்கள் வாசல் பக்கம் போய்விட்டன. கதை தேர்வுத்தாளாகிவிட்டது. மறு ஆண்டு வேறு பிள்ளைகளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். "இன்னொரு தடவ டீச்சர்" என்றார்கள். வாசித்தேன். மூன்றாவது நாள் அவர்களே கேட்கத் தொடங்கினார்கள். ஒரு கதைக்கு முதல் வாசிப்பு கதைக்காகவே இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் மீறியதில்லை.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "கரடிக்கு உச்சி வெயில்ல நிழல் போயிருச்சே, நமக்குப் போகுமா?"

அது ஜூலை மாதம். "போய்ப் பாத்துருவோம்" என்று கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் உயரக் குச்சியைச் செங்குத்தாக நட்டோம். காலை வழிபாடு முடிந்ததும் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, மாலை மணி அடிப்பதற்கு முன் ஒரு முறை நிழலின் நுனியில் கோலப்பொடி வைத்தோம். மதியம் நிழல் குட்டையானது. ஆனால் போகவில்லை. ஒரு சாணுக்கும் குறைவாக, தெற்குப் பார்த்துக் கிடந்தது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "புத்தகம் பொய் சொல்லுது" என்றாள் ஒருத்தி. நான் ஒன்றும் சொல்லவில்லை. தினம் அளந்து தேதியோடு எழுதி வைக்க மட்டும் சொன்னேன்.

நிழல் நாளுக்கு நாள் குறுகியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆறேழு விரல்கடைதான் இருந்தது, பிறகு இரண்டு. ஆகஸ்ட் 26-ஐ ஒட்டி ஒரு மதியம், பன்னிரண்டேகால் மணிக்கு, குச்சிக்கு நிழலே இல்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்று தங்கள் காலடியைப் பார்த்துக் கத்தினார்கள். சத்துணவு அக்கா என்னவோ ஏதோ என்று சமையலறையிலிருந்து ஓடி வந்தார். செப்டம்பரில் நிழல் மறுபடி முளைத்தது, இந்தத் தடவை வடக்குப் பக்கமாக.

சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே பாதையில் போவதில்லை. மகர ரேகைக்கும் கடக ரேகைக்கும் நடுவில் உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் அது நேர் உச்சிக்கு வரும். புதுக்கோட்டைக்கு ஏப்ரல் 17-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 26-ஐ ஒட்டி ஒரு நாள். சென்னை வடக்கே இருப்பதால் அங்கே ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் வரும். இந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட கோடைக்காலம் முழுக்க நம் மதிய நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. ஜூன் கடைசியில் ஒரு மீட்டர் குச்சிக்கு மதியம் 23 சென்டிமீட்டர் நிழல் தெற்கே. டிசம்பர் கடைசியில் 67 சென்டிமீட்டர் வடக்கே. பன்னிரண்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டேகால் ஏன் என்று கேட்டவர்களுக்கு, நம் கடிகாரங்கள் எல்லாம் நமக்குக் கிழக்கே, அலகாபாத் பக்கம் ஓடும் ஒரு தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன என்பதை உலக உருண்டையை வைத்துச் சொன்னேன்.

இதில் என்னை உலுக்கியது வேறொன்று. அந்தப் புத்தகம் எழுதப்பட்ட அமெரிக்கப் பெருநிலத்தில் எந்த ஊரிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதே இல்லை. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் நிலம் அது. அங்கே நடு மதியத்திலும் நிழல் கொஞ்சமாவது வடக்கே கிடக்கும். கதையில் வரும் உச்சிப்பொழுது அந்த மண்ணில் நடக்காது. நம் மண்ணில் நடக்கும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். முன்பு புத்தகம் பொய் சொல்கிறது என்றவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப கரடி நம்ம ஊருக்கு வந்துருக்கு டீச்சர்."

அன்றிலிருந்து என் வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஒளி பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் அதை முற்றத்துக்கு எடுத்துப் போவோம். அதில் உள்ளது நம் வானத்தில் நடக்கிறதா என்று பார்ப்போம். நடக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கி எறிவதில்லை. ஏன் நடக்கவில்லை என்று கேட்போம்.

முற்றத்துக்கு எடுத்துப் போனதில் எங்களுக்கு அதிகம் கற்றுத் தந்தவை பிழையான படங்கள். பிறையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அச்சாகும் படப்புத்தகங்களில் பலவற்றில் பிறை நட்டமாக, அரிவாள் போல நிற்கிறது. அதன் இரு கொம்புகளுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம் மினுக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டி, "பிறை இப்படித்தானா இருக்கும்?" என்றேன். "எங்க அப்பத்தா மூணாம் பிறை பாத்துக் கும்பிடும். அது தோணி மாதிரி படுத்துருக்கும்" என்றான் ஒருவன். அவன் சொன்னதுதான் சரி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் சூரியனும் நிலாவும் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கி மறைகின்றன. அதனால் பிறையின் ஒளிப்பக்கம் கீழே, மறைந்த சூரியனைப் பார்த்தபடி இருக்கும். வடநாடுகளில் அவை சாய்வாக இறங்குவதால் அங்கே பிறை நிமிர்ந்து நிற்கும். அவர்கள் தங்கள் வானத்தைப் பார்த்து வரைந்தார்கள். நம்மவர்கள் அவர்கள் புத்தகத்தைப் பார்த்து வரைந்தார்கள். நட்சத்திரம் எங்குமே தவறு. கொம்புகளுக்கு நடுவில் இருப்பது வெற்றிடம் அல்ல, நிலாவின் இருண்ட பாகம். அதைத் தாண்டி எந்த நட்சத்திரமும் தெரியாது.

வானவில்லும் அப்படித்தான். வில்லுக்குப் பின்னால் சூரியன் எட்டிப் பார்த்துச் சிரிக்கும் படம் அநேகமாக எல்லாப் பாட்டுப் புத்தகங்களிலும் உண்டு. வானவில்லைப் பார்ப்பவருக்குச் சூரியன் எப்போதும் முதுகுப் பக்கம்தான். காலை வில் மேற்கே, மாலை வில் கிழக்கே. இதைப் புரியவைக்கப் பிள்ளைகளே கருவி வைத்திருந்தார்கள். காலை வெயிலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வாய் நிறையத் தண்ணீரை வைத்து 'புர்ர்' என்று ஊதினால் கண்ணுக்கு முன்னால் வண்ணம் தெரியும். சூரியனைப் பார்த்தபடி ஊதினால் தெரியாது. அதே சாரலை உச்சி வெயிலில் எதிரே ஊதினால் வில் தெரிவதில்லை. சூரியன் 42 பாகைக்கு மேலே ஏறிவிட்டால் வில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். "நிலா ராத்திரிதான் வரும்" என்று சொன்ன புத்தகத்துக்குப் பதில் காண, தேய்பிறை அட்டமியை ஒட்டிக் காலை வழிபாட்டின்போது மேற்கே நிமிர்ந்து பார்த்தாலே போதும். அரை நிலா அங்கே நிற்கும். இப்படிக் கண்டுபிடித்ததை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். நோட்டின் பெயரைப் பிள்ளைகளே வைத்தார்கள்: 'வானம் சொல்றது'.

நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான பாடம். கண்ணிலிருந்து ஏதோ கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுவதாகத்தான் பெரும்பாலான குழந்தைகள் நினைக்கிறார்கள். பழைய கிரேக்க அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். நம் பேச்சும் அதையே சொல்கிறது. "கண்ணு பட்டுரும்" என்று கன்னத்தில் மை வைக்கிறோம். "அவன் பார்வை என் மேல விழுந்துச்சு" என்கிறோம். ஒளி பொருளில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம் விரிவாக நிறுவினார். அதை ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இதற்கு எனக்கு உதவியது எரிக் கார்ல் 1995-இல் எழுதிய தனிமை மின்மினியின் கதை. அந்தப் பூச்சி துணை தேடிப் பறக்கிறது. மின்விளக்கு, மெழுகுவத்தி, டார்ச், லாந்தர் என்று ஒவ்வொரு வெளிச்சத்தையும் இன்னொரு மின்மினி என்று நம்பிப் போய் ஏமாறுகிறது. வழியில் நாயின் கண், பூனையின் கண், ஆந்தையின் கண்ணும் மின்னுகின்றன. இதில் எது தானாக எரியும், எது வாங்கித் தரும் என்று பிரிக்கச் சொன்னேன். பூனைக் கண்ணில் வகுப்பு இரண்டாக உடைந்தது. "இருட்டுல தானா எரியும், நான் பாத்துருக்கேன்" என்று ஒரு கூட்டம். சத்தம் அடங்கியதும் ஒருவன் எழுந்து போய், வெளியே நின்ற என் சைக்கிளின் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியைக் காட்டினான். "இது மாதிரி டீச்சர். பஸ்ஸு வந்தாத்தான் மின்னும்."

பிறகு செருப்பு டப்பாவை எடுத்தோம். உள்ளே ஒரு புளியங்கொட்டை. ஒரு பக்கம் கண் வைக்கத் துளை, மேலே மூடித் திறக்கும் சிறு கதவு. இடுக்குகளில் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். "உள்ள என்ன இருக்கு?" "ஒண்ணுமில்ல, இருட்டு." "இன்னும் உத்துப் பாரு." எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. கதவை விரல் அளவு திறந்தால் கொட்டை தெரியும். கண்ணிலிருந்து ஏதாவது போகுமானால் மூடியிருந்தபோதும் தெரிந்திருக்க வேண்டுமே என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. சில நாள் கழித்து ஒருத்தி கேட்டாள். அதுவரை காத்திருந்தேன்.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி கங்கண சூரிய கிரகணம் எங்கள் மாவட்டத்தின் மேல் வந்தது. அரையாண்டு விடுமுறை. வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னேன். பல வீடுகளில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. அந்தப் பயத்தோடு நான் மல்லுக்கட்டவில்லை. முந்தின வாரமே வகுப்பில் "பாம்பு விழுங்கும் கதையை உங்க வீட்டுல யாரு நல்லாச் சொல்வாங்க?" என்று கேட்டு, ஒரு அப்பத்தாவைப் பள்ளிக்கு அழைத்து வந்து சொல்ல வைத்திருந்தேன். அவர் அருமையாகச் சொன்னார். கிரகணத்தன்று அவரே பேத்தியைக் கையில் பிடித்து வந்துவிட்டார். மொத்தம் பதினொரு பிள்ளைகள்.

எங்கள் பள்ளிப் புங்கமரத்தடியில் எப்போதும் வட்ட வட்டமாய் வெயில் விழும். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்க, விழும் வெயில் மட்டும் ஏன் வட்டம் என்று அதற்கு முன்பே வாரக்கணக்கில் பேசியிருந்தோம். ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். இடுக்குக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் சுமார் 108-இல் ஒரு பங்கு அதன் அகலம். மூன்று மீட்டர் உயரத்து இடுக்கு என்றால் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வட்டம். அன்று எட்டரை மணிக்கு வட்டங்கள் கடிபட்ட அப்பம் போல் ஆயின. மேகம் வருவதும் விலகுவதுமாக இருந்தது. ஒன்பதரையை ஒட்டித் தரை முழுக்க மோதிரங்கள். ஒரு சிறுமியின் பாவாடையில் ஏழெட்டு. எவரும் சூரியனை நேராகப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அப்பத்தா குனிந்து தன் உள்ளங்கையில் ஒன்றைப் பிடித்தார். வெகு நேரம் கையை எடுக்கவே இல்லை.

ஒளியை இப்படிக் கற்பிக்க எல்லாப் புத்தகமும் உதவாது. அப்பா மகனிடமோ, மாமா மருமகளிடமோ பாடநூல் வரிகளை உரையாடலாக ஒப்பிக்கும் நூல்கள் நம்மிடம் நிறைய உண்டு. அந்த மகன் ஒருமுறைகூட மறுத்துப் பேச மாட்டான். அவை கதை வேடம் போட்ட வினாவிடைகள். என் அனுபவத்தில் அவற்றால் பயனில்லை. மாறாக, அறிவியலாளர் ஃபாரடே 1860 கடைசியில் தொடங்கி லண்டனில் சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றிப் பேசிய ஆறு சொற்பொழிவுகள் கதையே அல்ல, ஆனாலும் அவற்றிலிருந்து எடுத்துச் சொன்னதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. சுடருக்கும் நிழல் உண்டு என்றும், சுடரில் அதிகம் ஒளிரும் பாகமே அதிகம் கறுத்த நிழலைத் தரும் என்றும் அவர் காட்டினார். நல்ல வெயிலில் வெள்ளைச் சுவருக்கு முன் மெழுகுவத்தியைக் கொளுத்திப் பாருங்கள். தெரியும். அந்த மஞ்சள் பாகத்தில் கனலும் கரித்துகள்கள்தான் வெயிலை மறிக்கின்றன.

இன்று புத்தகத்துக்குப் பஞ்சம் இல்லை. 2015 முதல் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிக்கே அனுப்புகிறது. தாள் துண்டு வெட்டி ஒட்டிய காலத்தை நினைத்தால் எனக்கு இது பெரும் செல்வம். ஆசிரியர்கள் அவற்றைப் பீரோவில் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களிடமும் படம் வரைகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கோடைக் காட்சியில் மதிய நிழலை வரையும் முன் உங்கள் வாசலில் ஒரு குச்சி நட்டுப் பாருங்கள். பிறையை வரையும் முன் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலை மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பாருங்கள். அது தோணி போல் படுத்திருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அதையே வரைந்து கொடுங்கள்.